சோஸ்ஸியோ சாப்பிட்ட இரண்டு தட்டு

நேப்பிள்ஸ் பக்கத்துப் பாயா ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தகம் பிடிக்காமல் போகப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மிலானோக்காரர் ஒருவர் எழுதிய அந்தச் சரித்திர நாவலின் நாற்பத்தோராம் பக்கத்தில், ரோமாபுரிக் காலத்துச் சமையற்காரன் ஒருவன் பாயாவின் கடலோர மாளிகையில் நின்றுகொண்டு, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். பாயாவில் சூரியன் மலைக்குப் பின்னால்தான் இறங்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் அங்கேதான் இறங்கியிருக்கும். வாசகர் வட்டத்தின் ஏழு பேரும் அந்த ஒரு வரிக்கே ஒரு சாயங்காலத்தைச் செலவழித்தார்கள்.

"இவன் இங்க வந்ததே இல்ல," என்றாள் முடி அலங்காரக் கடை வைத்திருக்கும் தீனா. "அப்படியே வந்திருந்தாலும் முதுகைக் காட்டிட்டு நின்னிருக்கான்."

"விடும்மா," என்றார் அத்தனாசியோ வாத்தியார். பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்ந்தவர். அவரைவிட அவருடைய மாணவர்கள்தான் அதிகம் ஓய்ந்து போனார்கள். "சூரியனைத்தான் இடம் மாத்தி வச்சிருக்கான். சாப்பாட்டை ஒழுங்கா வச்சிருக்கான்."

அது உண்மை. நாவல் முழுக்கச் சாப்பாடுதான். அதனால் அந்தப் புத்தகம் முடியும்வரை ஒரு விதி போட்டார்கள். வியாழக்கிழமை ஐந்து மணிக்கு யார் வீட்டில் கூடுகிறார்களோ, அவர் அந்த வார அத்தியாயத்தில் வரும் ஒரு பதார்த்தத்தைச் சமைக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டே ஆக வேண்டும். இந்த விதியைப் போட்டவள் ராக்கேலே. அவளால் போட முடியும். தெருவிலேயே அவள் கைச் சமையலுக்கு ஈடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வீட்டு அடுப்பில் ஏறும் இறைச்சிக் குழம்பு மதியம் ஒரு மணிக்குத்தான் இறங்கும். அதற்குள் தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டின் மேல் வெறுப்படைந்திருப்பார்கள்.

எதிர்வீட்டு ஒலிம்பியாவின் சமையலுக்கும் தெருவில் பெயர் உண்டு, வேறு விதமாக. முப்பத்தாறு வருஷம் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்தியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "இவ வெந்நீர் வச்சாலும் அடிப்பிடிக்கும்," என்று ராக்கேலே சொல்லுவாள், ஒலிம்பியாவும் சிரிப்பாள். இரண்டு பேரும் ஆறு வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ராக்கேலேயின் மகள் இலாரியாவுக்கு ஒலிம்பியாதான் ஞானத்தாய். அந்த உறவால் ராக்கேலேயும் அவள் புருஷன் சோஸ்ஸியோவும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கொமாரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சோஸ்ஸியோ கடலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்த்தவர். தோளில் இரண்டு மூட்டைச் சிப்பியோடு படகிலிருந்து குதித்து இறங்குகிற மனிதர். அந்த வருஷம் வசந்தத்தில் வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நேப்பிள்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார். இலையுதிர்காலத்துக்குள் சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. "பசிக்கல," என்பார். ராக்கேலே அவருக்குப் பிடித்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள். கத்தரிக்காய், கணவாய், கன்றுக்குட்டி இறைச்சி. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். குழாய்ச் சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்கும். எதற்காகக் குழாய் திறந்திருக்கிறது என்பது ஒலிம்பியாவுக்குத் தெரியும்.

நவம்பரில் ஒரு வியாழன் ஒலிம்பியாவின் முறை வந்தது. அந்த வார அத்தியாயத்தில் சமையற்காரன் எஜமானுக்கு மசூர்ப் பருப்பும் செஸ்ட்நட் கொட்டையும் சேர்த்து வேக வைக்கிறான். தபால் ஆபீஸ் படிவத்தை நிரப்புவதுபோல ஒலிம்பியா வரிக்கு வரி அப்படியே செய்தாள். சீரகம், மல்லி, மிளகு, புதினா, கசக்கிற சதாப்பு இலை, வினிகர், தேன், கடைசியில் நெத்திலியை உப்பில் ஊற வைத்து வடித்த சாறு. கிண்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்று வந்திருந்தது. எழுதியபடி செய்தாகிவிட்டது, இனி பொறுப்பு மிலானோக்காரருடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கூடத்தில் எல்லோரும் விதிப்படி சாப்பிட்டார்கள். வாத்தியார் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு ஒயின் குடித்தார்.

"ரோமாபுரி ஏன் விழுந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது," என்றாள் தீனா.

ராக்கேலே வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு பானை இப்படிச் செய்யலாம் என்று ஒலிம்பியாவுக்குத் தோன்றியது.

ஆறரை மணிக்குச் சோஸ்ஸியோ தடியை ஊன்றிக்கொண்டு மனைவியைக் கூட்டிப்போக வந்தார். கூடத்தில், நாவலில் வரும் சமையற்காரன் அடிமைதானே, அவனுக்குத் தன் சமையலில் பெருமை இருந்திருக்குமா இருந்திருக்காதா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. ராக்கேலேதான் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். மரியாதைக்காக ஒலிம்பியா ஒரு தட்டு வைத்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். தட்டு காலியானது. தட்டை நீட்டினார்.

"எனக்காகக் கஷ்டப்பட வேணாம் சோஸ்ஸியோ."

"கஷ்டமில்ல. போடு." இரண்டாவது தட்டில் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு, கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கொமாரே, ஒண்ணு சொல்றேன், அவ காதுக்குப் போகக் கூடாது. ஊசி போட ஆரம்பிச்சதுலேர்ந்து என் நாக்கு செத்துப்போச்சு. எதை வாயில போட்டாலும் துருப்பிடிச்ச ஆணியைச் சப்புற மாதிரி இருக்கு."

"அதை அவகிட்டயே சொல்லலாமே. பசிக்கலேன்னு எதுக்குச் சொல்றே?"

"சொன்னா அவ என்ன பண்ணுவா? எனக்குச் செய்யிறதுக்குன்னு அவகிட்ட இருக்கிறதே அந்தக் கைதான். அது உதவாதுன்னு எப்படிச் சொல்றது?" இன்னொரு வாய் எடுத்து மென்றார். "நாப்பத்தோரு வருஷமா அவ குழம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வாயில வச்சதும் அது அங்க இல்லேன்னு தெரிஞ்சிடுது. தொண்டை அடைச்சுக்குது. இது எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எழுதினவனுக்கே தெரியாது. இதைத் தின்னா எனக்கு எதுவும் தொலைஞ்ச மாதிரி இல்ல."

அவர் கேட்டபடி ஒலிம்பியா யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து ராக்கேலே உள்ளே வந்தாள்.

காலியாகப்போகிற தட்டைப் பார்த்தாள். அடுப்புமேல் கரண்டி கிடந்த பானையைப் பார்த்தாள். எத்தனையாவது தட்டு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பசிக்கலேன்னியே," என்றாள் புருஷனிடம். குரல் மெதுவாகத்தான் வந்தது. "மத்தியானம் நான் வச்சதுல ரெண்டு வாய். இங்க ரெண்டு தட்டு."

"ராக்கேலே, அது வந்து..."

"நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும் இதை." கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவள் ஒலிம்பியாவின் பக்கம் திரும்பினாள். "ரொம்ப நல்லா உபசாரம் பண்றீங்கம்மா. எனக்குத்தான் தெரியாம போச்சு."

ஐம்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக அவள் வாயில் 'நீங்க' வந்தது. ஒலிம்பியாவுக்குக் கன்னத்தில் அறைந்ததைப்போல இருந்தது.

அதற்குப் பிறகு ராக்கேலே வியாழக்கிழமைகளில் வரவில்லை. எதிரும் புதிருமான ஜன்னல்களில் அவளுடையது சாத்தியே கிடந்தது. அவள் இல்லாமல் நாவலைத் தொடர யாருக்கும் மனமில்லாமல், வாத்தியார் ஒரு ரயில் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைத்து மூடிவிட்டார். ஒலிம்பியா இரண்டு முறை தெருவைக் கடந்து அந்தக் கதவு வரைக்கும் போனாள். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்துப் போவாள். கதவருகே போனதும் அது தீராது என்று தெரிந்துவிடும். வாக்குக் கொடுத்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உன் புருஷன் உன்னிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார் என்று எந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல முடியும்? பருப்புக்கே இத்தனை கோபம் என்றால், இந்த ரகசியத்துக்கு அவள் ஆயுசுக்கும் முகத்தில் விழிக்க மாட்டாள். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் சோஸ்ஸியோ இறந்துபோனார்.

செத்த வீட்டில் அடுப்பு எரியாது. உறவும் தெருவும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். சும்மா பானையைக் கொடுத்துவிட்டு வர முடியாது. கொண்டுபோகிறவர்களே மேஜை விரிப்பு விரித்து, தட்டு வைத்து, பரிமாறி, கழுவி வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பானை நிறைந்தபடி திரும்பி வந்தால் அது கொண்டுபோனவளுக்கு அவமானம், தெரு அதைப் பத்து வருஷத்துக்கு மறக்காது. முதல் நாள் சோஸ்ஸியோவின் தம்பி வீடு. இரண்டாம் நாள் ராக்கேலேயின் அக்கா. மூன்றாம் நாள் மதியம் ஞானத்தாயான ஒலிம்பியாவின் முறை.

"உன் தலையிலதான் ஊத்தப்போறா," என்றாள் தீனா. ஆனாலும் கூட வந்தாள். கோழி சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தவளும் அவள்தான். ஒலிம்பியாவை நம்பி அந்த வேலையை விட யாருக்கும் துணிச்சல் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ராக்கேலே மேஜை முனையில் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். தூரின் நகரத்திலிருந்து வந்திருந்த இலாரியாவும் அக்காவும் பக்கத்தில் இருந்தார்கள். செத்தவருக்காக இன்னும் அவள் அழவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கண்ணைப் பார்த்தபோது அது உண்மை என்று ஒலிம்பியாவுக்குப் பட்டது. விரிப்பை விரித்தாள். தட்டுகளை வைத்தாள். சூப்பை ஊற்றினாள். விரிப்பில் கொஞ்சம் சிந்தியது.

ராக்கேலே தட்டைத் தொடவில்லை. "எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "துக்கச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பக் கூடாதுடி."

"திருப்பி அனுப்பல அக்கா. மாத்திக் கேக்குறேன்." அவள் முதல் முறையாக ஒலிம்பியாவின் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு அவருக்கு என்ன போட்டீங்களோ, அதைக் கொண்டாங்க. அப்படி அதுல என்னதான் இருந்துச்சுன்னு நானும் பாக்கணும்."

ஒலிம்பியா தீனாவோடு தெருவைத் திரும்பக் கடந்து தன் வீட்டுக்கு வந்தாள். பருப்பை அடுப்பில் வைத்தாள். தீனா செஸ்ட்நட்டை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"இங்க பாரு. அந்தத் தேனை விட்டுடு. அந்த மீன் சாத்தையும் விட்டுடு. ரெண்டு பல் பூண்டு தட்டிப் போட்டு, நல்ல ஆலிவ் எண்ணெய் விட்டு இறக்கு. வாயில வைக்கிற மாதிரியாவது இருக்கும். செத்த வீடு ஒலிம்பியா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒலிம்பியா பூண்டைக் கையில் எடுத்தும்விட்டாள். பிறகு யோசித்தாள். பருப்பு ருசியாக இருந்தால் ராக்கேலே என்ன நினைப்பாள்? ஓஹோ, இது நன்றாக இருந்தது, அதனால் சாப்பிட்டிருக்கிறார், என் சாப்பாடு அலுத்துப்போயிருக்கிறது என்று நினைப்பாள். சாகிறவரை அதை நினைத்துக்கொண்டே இருப்பாள். மோசமாக இருந்தால், ஏன் சாப்பிட்டார் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் ஒலிம்பியா பயந்துகொண்டிருந்தாள். இரண்டில் எது தோழிக்கு நல்லது என்று பார்த்தாள். தனக்கு எது நல்லது என்பதை அந்த நிமிஷத்தில் விட்டுவிட்டாள். பூண்டைக் கூடையில் போட்டுவிட்டுத் தேன் பாட்டிலைத் திறந்தாள். சதாப்பு இலையைக்கூடக் குறைக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் பானையோடு திரும்பிப்போனார்கள். "நீங்கள்லாம் உள்ள போயி சூப்பு குடிங்க, ஆறிப்போகுது," என்று ராக்கேலே மற்றவர்களை அனுப்பினாள். தீனா இலாரியாவின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். மேஜையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒலிம்பியா பரிமாறினாள்.

ராக்கேலே ஒரு கரண்டி வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். சமையல் தெரிந்தவள் சாப்பிடுகிற விதத்தில், நாக்கை அண்ணத்தில் ஒட்டி யோசித்தாள்.

"இது நல்லாவே இல்லியே," என்றாள்.

"இல்ல."

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அதே மாதிரிதான். நீயும்தான சாப்ட்டே."

"அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே சாப்ட்டேன். ஒழுங்கா கவனிக்கல." இன்னொரு கரண்டி எடுத்தாள். "இனிப்பா, உப்பா, புளிப்பா, எந்தப் பக்கம் போறதுன்னே அதுக்குத் தெரியல. இது சரியா வந்திருக்கா, கெட்டுப்போயிருக்கான்னு என்னாலயே சொல்ல முடியல." கரண்டி பாதி வழியில் நின்றது. "யாராலயும் சொல்ல முடியாது."

ராக்கேலேயின் பார்வை தட்டில் இருந்தது, மனது எங்கோ போயிருந்தது.

"அக்டோபர்ல ஒருநாள்," என்றாள் மெதுவாக, "குழம்புக்கு உப்புப் போட மறந்துட்டேன். ஆஸ்பத்திரி ஃபோன் வந்த பதட்டத்துல. ஒரு கல்லுகூடப் போடல. உப்பு இருக்கான்னு கேட்டேன். சரியா இருக்குன்னாரு. அப்புறம் நான் வாயில வச்சா சகிக்கல. நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றாருன்னு நெனச்சேன். நாப்பத்தோரு வருஷத்துல அந்த மனுஷன் உப்பு விஷயத்துல எனக்கு ஒரு தடவைகூடப் பாவம் பார்த்தது கிடையாது. அது எனக்கு அப்ப உறைக்கல." கரண்டியைத் தட்டில் வைத்தாள். "அவருக்கு ருசி தெரியல. அதான் விஷயம். அவருக்கு எதுவுமே தெரியல. என்னுது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவரு, அதை வாயில வச்சுட்டு..."

பக்கத்து அறையில் கரண்டிகள் தட்டில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ராக்கேலே நிமிர்ந்தாள். "உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

இதற்குத்தான் ஒரு மாதமாக ஒலிம்பியா தூங்காமல் கிடந்தாள். ஆமாம் என்றால் உண்மை. வாக்கும் இப்போது உடைந்ததாகாது, அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் பதிலுக்காகக் காத்திருந்தது. எந்தப் பதிலுக்கு என்று ஒலிம்பியாவுக்கு விளங்கியது.

"இல்ல," என்றாள். "வந்தாரு, உக்காந்தாரு, சாப்ட்டாரு. இன்னும் கொஞ்சம் போடுன்னாரு. வேற ஒண்ணும் பேசல. நான்கூட ஆச்சரியப்பட்டேன், என் சமையலை ஒருத்தர் கேட்டு வாங்குறாரேன்னு."

ராக்கேலே அவளை வெகுநேரம் பார்த்தாள். ஆறு வயதிலிருந்து அறிந்த முகம் அது. அதில் பொய் நிற்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அன்று நின்றதோ, இல்லை நிற்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாளோ, ஒலிம்பியாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"அப்ப யார்கிட்டயும் சொல்லல," என்றாள் ராக்கேலே. "எனக்குத் தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு, தனியாவே வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. பாரு கொமாரே, எனக்காக."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராதது மொத்தமாக வந்தது. குழாயைத் திறக்காமல், வாயைப் பொத்தாமல், தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். இலாரியா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஒலிம்பியா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். செத்த வீட்டில், சாப்பாட்டு மேஜையில், இப்படிக் கூசாமல் பொய் சொன்னதைச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். பிறகு, இதைச் சாமியாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.